ஆர்பேஷ்: பூட்டிய ஷெல்லும் திறந்த வழிகளும்

மண்டபம் பகுதியில் நான் பணிபுரியும் மேல்நிலைப் பள்ளியில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் பயிற்சி செய்யும் கணினியில்தான் சில நாள் மதிப்பெண் பட்டியலும் தயாராகும். மாணவர் கணக்கைக் கட்டுப்படுத்தினால் போதுமா? சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் உள்ள பழைய விலையில்லா மடிக்கணினி ஒன்றில், மாதிரிக் கோப்புகளை மட்டும் வைத்து, இரண்டு பாடவேளைகளில் இதைச் சோதித்தோம்.

நாம் தட்டச்சு செய்யும் கட்டளையை வாங்கி நிறைவேற்றுவது ஷெல். லினக்ஸில் பெரும்பாலும் அது பேஷ். அதை 'ஆர்பேஷ்' என்று தொடங்கினால் வேறு கோப்புறைக்கு மாற முடியாது. கட்டளைப் பெயரில் சாய்கோடு வரக் கூடாது. கட்டளைகளைத் தேடும் பாதையையும் மாற்ற முடியாது. ஆசிரியர் ஒரு கோப்புறையில் வைத்த நிரல்கள் மட்டுமே ஓடும்.

அவற்றில் 'விம்' எடிட்டரும் இருந்தது. எந்த ஷெல்லைத் திறப்பது என்பதை விம்முக்குள்ளேயே மாற்றலாம். சாதாரண பேஷ் என்று மாற்றித் திறந்ததும் தடைகள் மறைந்தன.

"வலை கிழியல சார், வாயே திறந்து கெடக்கு" என்றான் மீனவர் வீட்டுப் பையன் ஒருவன். சரிதான். அனுமதித்த நிரல் உள்ளே என்ன செய்கிறது என்பதை ஆர்பேஷ் பார்ப்பதில்லை. இதை எந்தப் புதுப்பிப்பும் அடைக்காது. விம்முக்குப் பதில் 'ஆர்விம்' வைக்கலாம்.

அடுத்தது உண்மையான கிழிசல். ஒருமுறை ஓடிய கட்டளை எங்கே இருக்கிறது என்பதை பேஷ் ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். தேடும் பாதையைப் பூட்டிய ஆர்பேஷ், இந்த அட்டவணையைப் பூட்டவில்லை. 'எல்எஸ்' என்ற பெயருக்கு எதிரே வேறொரு நிரலின் முகவரியை எழுதிவிட்டால், எல்எஸ் என்று தட்டும்போது அந்த நிரல்தான் ஓடும். சாய்கோட்டுத் தடைக்கு வேலையே இல்லை. பேஷ் 4.4-இல் இது சரியானது. 2019-இல் சிவிஇ 2019-9924 என்ற எண்ணும் பெற்றது.

இங்கே மாணவர்கள் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஷெல்லிலிருந்து தப்பியவர் நிர்வாகி ஆகிவிடுவதில்லை. அதே மாணவர் கணக்கின் உரிமைகள்தான். மாதிரி மதிப்பெண் கோப்பு ஒன்றுக்கு உரிமையாளர் மட்டும் படிக்கலாம் என்று அனுமதி வைத்தோம். இன்னொன்றை அனைவரும் படிக்கலாம் என்று விட்டோம். தப்பிய பிறகு முதலாவது திறக்கவில்லை, இரண்டாவது திறந்தது. மறுநாள் அலுவலகக் கணினியில் கோப்புகளின் அனுமதிகளை ஒவ்வொன்றாகப் பார்க்க உட்கார்ந்தோம்.