கண்காட்சிக்குப் புறப்படும் ஆட்டுக்கு...

கொல்கத்தாவுக்குத் தெற்கே, சுந்தரவனச் சதுப்பில் மேயும் காரோல் செம்மறி வளர்ந்தாலும் 10-15 கிலோதான். ஆனால் ஒரே ஈற்றில் இரண்டு, மூன்று குட்டி போடும். இந்த ஆட்டைக் கண்காட்சிக்குக் கொண்டுபோகிறவர்கள் கவனிக்க:

● ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசியை 3 வாரம் முன்பே போடுங்கள். குடற்புழு மருந்து அதற்கும் ஒரு வாரம் முன்னால்.

● குளம்பை 10 நாள் முன்பு சீவுங்கள். கடைசி நேரத்தில் சீவி, கொஞ்சம் ஆழமாகிவிட்டால் ஆடு நொண்டும். குளம்பிடுக்கில் சேறு தங்க விடாதீர்கள்.

● தினமும் 10 நிமிடம் கயிற்றில் நடத்திப் பழக்குங்கள்.

● 2 நாள் முன்பு வெயில் நேரத்தில் குளிப்பாட்டுங்கள். ரோமம் காய்ந்ததும் காதோரம், வாலடியில் உண்ணி பாருங்கள்.

● புதுத் தீவனம் கொடுத்தால் கழியும். வழக்கமான புல்லையே கட்டிக்கொண்டு போங்கள்.

● வீடு திரும்பியதும் 3 வாரம் தனியே கட்டுங்கள். பரிசோடு நோயும் வரலாம்!