குழந்தையின் வளர்ச்சி ஏன் பிந்துகிறது?

பிள்ளைத்தமிழ்ப் பாடம் நடந்தபோது எங்களுக்கு ஒரு வியப்பு. 5ஆம் மாதம் கை ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுவது செங்கீரை. 9ஆம் மாதம் கைகொட்டுவது சப்பாணி. 13ஆம் மாதம் தளர்நடையிட்டு வருவது வருகை. இன்றைய குழந்தை மருத்துவர்களின் அட்டவணையும் ஏறக்குறைய இதுவே! ஓரிரு மாதம் முன்பின் ஆவது இயல்பு. குறைமாதக் குழந்தைக்கு, அது பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கிட வேண்டும். அதற்கும் மேல் பிந்தினால் காரணம் தேடத்தான் வேண்டும்.

காரணம் என்றதும் நம் வீடுகளில் தாயைத்தான் பார்க்கிறார்கள். கிரகணத்தன்று வெளியே வந்தாளாம்! உண்மைக் காரணங்கள் வேறு. 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக அமைந்தால் டவுன் நோய்க்குறி உண்டாகிறது. இதில் யார் குற்றம்? பிறக்கும்போது மூச்சுத் திணறினால் மூளைக்குப் பிராணவாயு குறையும். கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் ஆகியவையும் தீங்கு செய்யும். நெருங்கிய உறவில் மணந்தால், இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே குறை பிள்ளையிடம் சேரும் வாய்ப்புக் கூடுகிறது. (முறைமாப்பிள்ளை உள்ள தோழியர் இவ்வரியை இருமுறை படிக்க!)

எங்களை மிகவும் சிந்திக்க வைத்தது தைராய்டுச் சுரப்பி. கழுத்திலுள்ள இச்சிறு சுரப்பி பிறவியிலேயே சரியாக வேலை செய்யாவிடில் மூளை வளர்ச்சி குன்றும். பிறந்தவுடன் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. குழந்தை அதிகம் அழாமல் நிறையத் தூங்கும். "எவ்வளவு சமர்த்து!" என்று நாம் மெச்சிக்கொண்டிருப்போம், அதற்குள் காலம் கடந்துவிடும். பிறந்த சில நாட்களில் குதிகாலில் சில துளி இரத்தம் எடுத்துச் சோதித்தால் கண்டுபிடித்து விடலாம். இரண்டு வாரத்திற்குள் தைராக்ஸின் மாத்திரையை டாக்டர் சொல்லும் அளவில் பொடித்து, சிறிது தாய்ப்பாலில் கலந்து கொடுக்கத் தொடங்கினால், பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும். ஒரு சிறு மாத்திரை!

கர்ப்பிணியின் உணவில் அயோடின் மிகவும் குறைந்தாலும் கருவின் மூளை பாதிக்கப்படும். ஆகவே, கடைக்குப் போகும்போது உப்புப் பொட்டலத்தில் 'அயோடின் கலந்தது' என்று இருக்கிறதா எனப் பார்த்து வாங்குவோம்.

எங்கள் தோழி ஒருத்தியின் தம்பி 3 வயதாகியும் பேசவில்லை. "அவன் அப்பனே நாலு வயசிலேதான் பேசினான்" என்றார் பாட்டி. வசம்பு உரைத்து நாக்கில் தடவினார்கள். முதுகுப்புறம் நின்று கிலுகிலுப்பை ஆட்டிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அக்கம்பக்கத்தார் மந்தபுத்தி என்றே முடிவுகட்டிவிட்டனர். மேலும் ஓராண்டு சென்றபின் காதுச் சோதனை செய்தபோதுதான், அவனுக்குக் காது கேட்கவில்லை என்பது தெரிந்தது. மொழி பதியும் அருமையான ஆண்டுகள் அப்படிக் கழிந்துவிட்டன.

இப்போது காதுக் கருவி அணிந்து பேச்சுப் பயிற்சிக்குச் செல்கிறான். சென்ற மாதம் அவளைப் பார்த்து "கா" என்றானாம். அக்கா என்பதில் பாதி வந்துவிட்டது என்று அவள் வகுப்பில் வந்து சொன்னபோது, எங்களுக்கெல்லாம் கண் கலங்கிவிட்டது.