பெல்லட் அடுப்பு: சுடர் அடங்கிய பிறகு நடப்பது

பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்கும் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் நடுவில் இருக்கிற ஹெப்பகோடியில் சந்துக்குச் சந்து பிஜி விடுதி. பிஜி இருக்கும் இடத்தில் மெஸ், டிபன் கடை, மாலையில் பஜ்ஜி வண்டி. 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டரின் விலையோடு மல்லுக்கட்டி அலுத்தவர்கள் பெல்லட் அடுப்புக்கு மாறுகிறார்கள். மரத்தூள், கடலைத் தோல், கரும்புச் சக்கை ஆகியவற்றை அழுத்திச் சுண்டுவிரல் தடிமனில் செய்த எரிகட்டிதான் பெல்லட். மெஸ்ஸில் பார்த்தவர்கள் வீட்டுக்கும் ஒன்று வாங்குகிறார்கள்: மொட்டை மாடியில் வெந்நீர் போட, சிமென்ட் ஷீட் வீட்டில் சோறாக்க. அடுப்போடு சில நம்பிக்கைகளும் வீட்டுக்குள் வருகின்றன. அவற்றில் இரண்டு மூன்று, ஆளையே கொல்லக்கூடியவை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த அடுப்பு வெளிநாட்டுச் சரக்கு என்று பலரும் நினைக்கிறார்கள். இந்தியாவில் வீட்டுச் சமையலுக்கு இதைப் பெரிய அளவில் கொண்டுவந்த ‘ஊர்ஜா’ அடுப்பு இதே பெங்களூரில், இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் எச்.எஸ். முகுந்தா குழுவினர் செய்த ஆய்விலிருந்து பிறந்தது. பிபி நிறுவனம் அதை 2006 வாக்கில் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிறகு புனேயின் ஃபர்ஸ்ட் எனர்ஜி நிறுவனம் எடுத்து நடத்தியது. ஏறக்குறைய 4 லட்சம் அடுப்புகள் விற்றன. கரும்புச் சக்கைக்கும் மற்ற விவசாயக் கழிவுக்கும் கிராக்கி ஏற, பெல்லட் விலையும் ஏறியது. வீடுகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. வியாபாரம் ஓட்டல் சமையற்கட்டுகளின் பக்கம் திரும்பியது.

அது வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும். உருளை வடிவக் கலத்தில் பெல்லட்டை நிரப்பி, மேல்பரப்பில் பற்ற வைக்க வேண்டும். அடியில் ஒரு சின்ன விசிறி. அது தள்ளும் காற்றில் ஒரு பங்கு கீழிருந்து ஏறி, பெல்லட்டை முழுதாக எரிய விடாமல் வாயுவாக்குகிறது. மீதிக் காற்று கலத்தின் மேல்விளிம்பில் உள்ள துளைகள் வழியே பாய்ந்து அந்த வாயுவை எரிக்கிறது. நம் கண்ணுக்குத் தெரிவது அந்த வாயுவின் சுடர். வாயுவாகக்கூடியது எல்லாம் தீர்ந்ததும் கலத்தில் கரி மிஞ்சும். போட்டதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. சுடர் அடங்கி, கலம் முழுக்கச் செந்தணலாக நிற்கும் அந்த நேரத்தைத்தான் “அடுப்பு அணைஞ்சிடுச்சு” என்கிறோம். கார்பன் மோனாக்சைடு தாராளமாகக் கிளம்புவது அப்போதுதான். அதை மேலே எரித்துத் தீர்க்கச் சுடர் இல்லை.

“புகையே வராது, ரூமுக்குள்ளயே வெச்சுக்கலாம்”

நன்றாக எரியும்போது புகை குறைவு என்பது உண்மை. விறகடுப்போடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கண்ணை எரிக்கும் புகை வேறு, கார்பன் மோனாக்சைடு வேறு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. சமையல் கேஸில் நாற்றத்துக்கென்றே ஒரு பொருளைக் கலந்திருக்கிறார்கள்; கசிந்தால் மூக்கு சொல்லிவிடும். இதற்கு அப்படி எதுவும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும்.

2024 ஆகஸ்டில் கொடைக்கானல் விடுதி ஒன்றில், இரவு பார்பிக்யூ போட்ட கரியடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுப் படுத்த இளைஞர்கள் இருவர் காலையில் எழவில்லை. அங்கே எரிந்தது பெல்லட் இல்லை, கரி. ஆனால் மேலே சொன்னபடி, ஒவ்வொரு பெல்லட் அடுப்பும் தன் கடைசிக் கட்டத்தில் கரியடுப்பாகத்தான் இருக்கிறது. சமையல் முடிந்தது, டிசம்பர் குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று அதைப் படுக்கும் இடத்தில் இழுத்து வைப்பது கொடைக்கானலில் நடந்ததை அப்படியே திரும்பச் செய்வதாகும்.

“ஐஎஸ்ஐ முத்திரை இருக்கு சார்”

இருப்பது நல்லதுதான், கேட்டு வாங்குங்கள். ஐஎஸ் 13152 என்ற இந்தியத் தரம் விசிறி வைத்த அடுப்புக்குக் குறைந்தது 35 சதவீத வெப்பத்திறன் கேட்கிறது. பாத்திரத்துக்குள் போகும் ஒவ்வொரு மெகாஜூல் வெப்பத்துக்கும் 5 கிராம் வரை கார்பன் மோனாக்சைடை அனுமதிக்கிறது. அந்த 5 கிராமைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஏறக்குறைய ஒரு மெகாஜூல் வேண்டும். ஹெப்பகோடி வாடகை வீட்டு அறை பத்துக்குப் பத்து, உயரமும் பத்தடி என்றால் அதில் இருக்கும் காற்று 28 கன மீட்டர். கதவு ஜன்னலை இறுகச் சாத்தி, தரத்தின் உச்சவரம்பில் எரியும் அடுப்பில் அந்தத் தண்ணீரைக் காய்ச்சினால் கன மீட்டருக்கு ஏறக்குறைய 178 மில்லிகிராம் சேரும். கால்மணி நேரத்துக்கு மேல் சுவாசிக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை 100 மில்லிகிராம். ஒரு குடும்பத்துக்கு மூன்று லிட்டர் வெந்நீரோடு எது முடிகிறது? சோறு, குழம்பு, ரசம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முத்திரை அடுப்பைச் சோதித்துக் குத்தியது. உங்கள் அறையில் காற்று எப்படி வந்து போகிறது என்று அது பார்க்கவில்லை. எதிரெதிராக இரண்டு திறப்பு, ஒன்று தாழ, ஒன்று உயர, எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். அதற்கு வழியில்லாத வீட்டில் இந்த அடுப்பின் இடம் வெளியே, காற்றோட்டமான கூரைக்கடியில்தான்.

“ஃபாரின்ல ஹால்லயே வெச்சிருக்காங்களே”

அவர்கள் வைத்திருப்பது வேறு பொருள். குளிர்நாடுகளில் இருக்கும் பெல்லட் ஹீட்டரில் தீ எரியும் பெட்டி கண்ணாடிக் கதவோடு அடைத்து வைத்தது. ஒரு திருகு பெல்லட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும். கழிவு வாயு முழுவதையும் ஒரு மோட்டார் குழாய் வழியே வீட்டுக்கு வெளியே அனுப்பும். நம் சமையல் அடுப்பின் வாய் திறந்தே இருக்கிறது, வருவதெல்லாம் அறைக்குள்தான். பெங்களூரில் இதுவரை பதிவான கடுங்குளிரே 7.8 டிகிரி, அதுவும் 1884 ஜனவரி 13 அன்று. அதற்கு அறையைச் சூடாக்க வேண்டாம், ஒரு கம்பளி போதும்.

“ஒரு பைப்பைச் சொருகி வெளியே விட்டுட்டா முடிஞ்சுது”

பெரிய அடுப்புகளுக்குப் புகைபோக்கி உண்டு. பொருத்துகிற இடத்தில்தான் தப்பு அதிகம். இந்தப் பக்கத்து மெஸ் ஒன்றில் பார்த்தேன்: அடுப்புக்கு மேலே இரண்டடி இரும்புக் குழாய், அங்கிருந்து கழிவுநீருக்குப் போடும் சாம்பல் நிற பிவிசி பைப், ஜன்னல் கம்பியை வளைத்து வெளியே. இணைப்பில் பிளாஸ்டிக் இளகித் தொங்கி, ஓரம் தேன்நிறமாகக் கருகியிருந்தது. மேலே கூரையடியில் புகைக் கறை. பிவிசி 80 டிகிரி வாக்கிலேயே இளகும். புகைக்குழாயில் போகும் வாயு 100 டிகிரியை எளிதில் தாண்டும். அது கருகினால் கிளம்பும் ஹைட்ரஜன் குளோரைடு தொண்டையையும் நுரையீரலையும் அரிக்கும்.

குழாய் முழு நீளத்துக்கும் இரும்பாக இருக்க வேண்டும். வளைவு எத்தனை குறைவோ அத்தனை நல்லது; படுக்கையாகப் போகும் இடத்தில்தான் சாம்பல் சேர்ந்து அடைக்கும். கடைசியில் கழற்றித் துடைக்க ஒரு மூடி வேண்டும். விசிறி உள்ளிருந்து தள்ளுகிற அமைப்பில் ஒவ்வொரு இணைப்பும் கசியாமல் அடைபட்டிருக்க வேண்டும். அழுத்தத்தில் போகும் வாயு சின்ன இடைவெளி கிடைத்தாலும் அறைக்குள் திரும்பிவிடும். மரச்சட்டம், பிளாஸ்டிக் சீலிங், ஒயர் எதுவும் குழாயைத் தொடக்கூடாது. குழாயின் வாய் கூரைக்கு மேல் இரண்டு மூன்று அடியாவது உயர்ந்திருக்கட்டும். நம் ஏரியாவில் இது மிக முக்கியம்: கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவில் கை நீட்டினால் பக்கத்து வீட்டு ஜன்னல். அந்த இடுக்கில் புகைவாயை விட்டால், அது போய்ச் சேர்வது நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிற யாரோ ஒரு பெண்ணின் அறைக்கு.

எக்ஸாஸ்ட் ஃபேன் பற்றி ஒரு வார்த்தை. வெளிக்காற்று வர வழி விடாமல் பெரிய ஃபேனைப் போட்டால், அது காற்றைப் புகைபோக்கி வழியாகவே உள்ளே இழுக்கும். புகை தலைகீழாகத் திரும்பும். முதலில் ஜன்னல், பிறகு ஃபேன்.

“கேஸ் டிடெக்டர் மாட்டியாச்சு, ஆக்ஸிமீட்டரும் இருக்கு”

எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். அதனால் அந்த டிடெக்டரைத் தரையோரம் மாட்டுகிறோம். கார்பன் மோனாக்சைடு ஏறக்குறைய காற்றின் எடைதான், அறை முழுக்கக் கலந்து நிற்கும். எல்பிஜிக்கு என்று செய்த கருவியை நம்பி இதை விட்டுவிடக் கூடாது. இதற்கென்றே தனி அலாரம் கிடைக்கிறது. மூச்சு விடும் உயரத்தில் மாட்ட வேண்டும்.

கொரோனாவுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு வந்துவிட்ட ஆக்ஸிமீட்டர் இந்த விஷயத்தில் ஏமாற்றும். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ரத்தத்தையும் ஆக்ஸிஜன் ஏறிய ரத்தத்தையும் விரலில் மாட்டும் அந்தக் கருவியால் பிரித்துப் பார்க்க முடியாது. ஆள் மயங்கிக்கொண்டிருக்கும்போதும் 98 என்று காட்டும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல், கால் தளர்ச்சி ஆகியவைதான் அறிகுறி. பித்தம், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று தள்ளிவிடுவது எளிது. ஒரே அறையில் இருப்பவர்களுக்கு ஒரே நேரத்தில் தலை வலித்து, வெளியே போனால் குறைகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். எல்லாரையும் வெளியே கொண்டுவந்து, 108-ஐக் கூப்பிடுங்கள். “அடைச்ச ரூம்ல அடுப்பு எரிஞ்சுது” என்று டாக்டரிடம் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு. சொன்னால்தான் கார்பன் மோனாக்சைடுக்கான ரத்தப் பரிசோதனை நடக்கும், சுத்த ஆக்ஸிஜன் வைப்பார்கள்.

“கரண்ட் போனா என்ன, நெருப்பு தானே எரியும்”

எரியாது, புகையும். விசிறி நின்ற பிறகும் வாயு உற்பத்தி தொடரும், அதை எரிக்கும் காற்று இருக்காது. சுடர் சரிந்து, மஞ்சள் கலந்த வெள்ளைப் புகை பொங்கும். ஹெப்பகோடியில் மழை வந்தால் கரண்ட் போவது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். அடுப்பு விசிறியை இன்வெர்ட்டரோடோ பேட்டரியோடோ இணைத்துவிட்ட பிறகே முதல் தடவை பற்ற வையுங்கள். அப்படியும் நின்றுவிட்டால் பெல்லட் மேலும் போடாதீர்கள், கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். தண்ணீர் ஊற்றுவது கூடவே கூடாது: குப்பென்று எழும் நீராவி முகத்தை வேகவைத்துவிடும், கலத்தின் உள்பூச்சும் வெடிக்கும். இதே வேளையில்தான் சிலர் அணைகிற தீயை எழுப்ப மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள். சூடான தணலில் விழும் மண்ணெண்ணெய் உடனே ஆவியாகி, ஒரு பொறியில் மொத்தமாகப் பிடித்துக்கொள்ளும்.

“எதைப் போட்டாலும் எரியும்”

ஃபர்னிச்சர் கடைகளில் சும்மா கிடைக்கும் பிளைவுட் துண்டில் பசை இருக்கிறது, பெயின்ட் அடித்த மரத்தில் இன்னும் மோசமானது இருக்கிறது. இரண்டும் சமையலுக்கு ஆகாது. மழையில் நனைந்து ஊதிய பெல்லட் தூளாகிக் காற்றோட்டத்தை அடைக்கும். சாம்பல் அதிகமுள்ள சரக்கு உருகிக் கட்டியாகி அடித்துளைகளை மூடும். கையில் எடுத்து ஒடித்தால் டக்கென்று முறிய வேண்டும்.

மூட்டைகளை அடுப்போரம் அடுக்க வேண்டாம் என்பது சொல்லாமலே தெரியும். பலருக்குத் தெரியாத ஒன்று, குவியலாகக் கிடக்கும் மரப் பெல்லட் தீ வைக்காமலே கார்பன் மோனாக்சைடை வெளிவிடும். 2006 நவம்பரில் சுவீடனின் ஹெல்சிங்போரி துறைமுகத்தில், கனடாவிலிருந்து பெல்லட் ஏற்றி வந்த ‘சாகா ஸ்ப்ரே’ கப்பலின் சரக்கறைப் படிக்கட்டில் இறங்கிய மாலுமி ஒருவர் அதனால் இறந்தார். வீட்டில் நாலு மூட்டைக்கு இந்தப் பயம் தேவையில்லை. மாதச் சரக்கை அடைத்து வைக்கும் மெஸ் குடோனுக்குக் கதவில் காற்றுத் துளை வேண்டும், அதற்குள் யாரையும் படுக்க வைக்கக் கூடாது.

“சாம்பல் ஆறிப்போச்சு”

மேலே வெள்ளையாக ஆறியிருக்கும். உள்ளே கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும், சில சமயம் இரண்டு நாள். பிளாஸ்டிக் பக்கெட், அரிசிச் சாக்கு, குப்பைக் கவர் மூன்றும் தீப்பிடிக்கத் தோதானவை. மூடி போட்ட தகர டின்னில் அள்ளி, வீட்டுக்கு வெளியே, சிமென்ட் தரையில் வையுங்கள். உள்ளே வைத்தால் அந்தக் கங்கும் கார்பன் மோனாக்சைடைத்தான் விடும். இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் தெளித்துக் கிளறிப் பார்த்து, சூடு கொஞ்சமும் இல்லை என்று தெரிந்த பிறகு நகரசபைக் குப்பை ஆட்டோவில் போடலாம்.