பழைய ஏற்பாட்டுச் சட்டத்தில் திருமணமும் மணவிலக்கும்: முக்கியக் குறிப்புகள்

● முதன்மைப் பகுதி உபாகமம் 24:1-4. பலரும் தவறாகப் படிக்கும் இடமும் இதுதான். மணவிலக்கு செய் என்று இந்தப் பகுதி கட்டளையிடவில்லை. புதிதாக அனுமதி தரவும் இல்லை. அது ஏற்கெனவே வழக்கில் இருந்ததை எடுத்துக்கொண்டு ஒன்றே ஒன்றைத் தடுக்கிறது: விலக்கப்பட்டவள் வேறொருவனை மணந்து, அவனும் விலக்கினாலோ இறந்தாலோ, முதல் கணவன் அவளைத் திரும்ப மணக்கக் கூடாது. எரேமியா 3:1 இந்த விதியை வைத்தே தன் வாதத்தைத் தொடங்குகிறது.

● தள்ளுதற்சீட்டு (மணவிலக்குச் சீட்டு): கணவன் எழுதி மனைவியின் கையில் கொடுக்க வேண்டும். அவள் மறுமணம் செய்யலாம் என்பதற்கு அதுவே ஆதாரம். எழுத்து இல்லாமல் வாய்ச்சொல்லால் துரத்தப்பட்ட பெண் மறுமணம் செய்தால் விபசாரக் குற்றச்சாட்டுக்கு ஆளாகலாம். அக்குற்றத்துக்குத் தண்டனை மரணம். ஆகவே ஆணின் அதிகாரத்தை மட்டும் காட்டும் தாளாக இதைப் படிப்பது போதாது.

● கணவன் விலக்கவே முடியாத இரு நிலைகள் (உபாகமம் 22): மனைவியின் கன்னிமை பற்றிப் பொய்ப் பழி சுமத்தியவன், 100 வெள்ளிக்காசு அபராதமும் உண்டு; நிச்சயிக்கப்படாத கன்னியைப் பிடித்து உறவுகொண்டவன், 50 வெள்ளிக்காசு. இரண்டு தொகையும் பெண்ணின் தகப்பனுக்கே போகும். இரண்டாவது விதியில் அந்தப் பெண்ணின் விருப்பம் கேட்கப்படவே இல்லை. இதைத் தேர்வு விடையில் தயங்காமல் எழுதுங்கள்.

● யாத்திராகமம் 21:10-11: அடிமையாக வாங்கப்பட்டு மனைவியானவளுக்கு உணவு, உடை, தாம்பத்திய உரிமை மூன்றும் குறையக் கூடாது. குறைந்தால் பணம் கட்டாமலே விடுதலை. பிற்கால யூதச் சட்ட அறிஞர்கள் மனைவியின் பொது உரிமைகளுக்கு அடித்தளமாக எடுத்துக்கொண்டது இதையே.

● பரிசம்: மணமகன் பெண்வீட்டாருக்குத் தருவது. வரதட்சணைக்கு நேர் எதிர்த் திசை. பார்க்க: ஆதியாகமம் 34:12.

● புதிதாக மணந்தவனுக்கு ஓராண்டு போர்ப்பணி இல்லை (உபாகமம் 24:5).

● ஆசாரியன் விலக்கப்பட்டவளை மணக்கக் கூடாது (லேவியராகமம் 21:7). பிரதான ஆசாரியனுக்கு விதவையும் கூடாது (21:14).

● பிள்ளையில்லாமல் இறந்தவனின் மனைவியை அவன் சகோதரன் மணக்க வேண்டும். மறுத்தால், மூப்பர் முன்னிலையில் அவள் அவன் பாதரட்சையைக் கழற்றி முகத்தில் துப்புவாள் (உபாகமம் 25:5-10).

● சட்ட நூல்களில் மனைவி கணவனை விலக்கும் வழி இல்லை. ஆனால் எகிப்தின் எலிபன்டைன் தீவில் கிடைத்த கி.மு. 5-ஆம் நூற்றாண்டு யூதத் திருமண ஒப்பந்தங்களில் அந்த உரிமை மனைவிக்கும் இருக்கிறது. அரமேயத்தில் எழுதப்பட்டவை. ஏட்டுச் சட்டமும் மக்களின் வாழ்வும் ஒன்றாகவே இருந்தன என்று கருதுவோருக்கு இதைவிட நல்ல மறுப்பு கிடைக்காது.

● விலக்கக் காரணம் எது? உபாகமம் 24:1 சொல்லும் 'இலச்சையான காரியம்' தெளிவற்றது. பிற்கால யூத அறிஞர்கள் இதில் வேறுபட்டனர். ஷம்மாய் பள்ளி: ஒழுக்கக்கேடு மட்டுமே. ஹில்லேல் பள்ளி: சமையலைக் கெடுத்தாலும் போதும். அகிபா: அவளைவிட அழகியைக் கண்டாலும் போதும். மத்தேயு 19:3-இல் இயேசுவிடம் கேட்கப்படும் கேள்வி இந்தச் சர்ச்சையை ஒட்டியதே. மத்தேயுவில் வேசித்தனம் என்ற விதிவிலக்கு உண்டு. மாற்கு 10-இல் இல்லை.

● சட்டப் பகுதியைக் கேட்டால் உபாகமம் 24. பள்ளிகளின் கருத்து வேறுபாட்டைக் கேட்டால் யூத மரபுச் சட்டத் தொகுப்பான மிஷ்னா, கிட்டீன் 9:10. இரண்டையும் மாற்றி எழுதிவிடாதீர்கள்.