குரங்கணி ஏற மார்கழி, தை

போடியை அடுத்த குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் ஏற நினைப்பவர்கள், பரீட்சை முடியட்டும் என்று கோடைக்குத் தள்ளிப்போட வேண்டாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழி, தையில் புல்லைக் கசக்கினால் ஈரம் விரலில் ஒட்டும். மாசி முடிவதற்குள் அதுவே சருகாகிவிடும். 2018 மார்ச் 11 அன்று இந்த மலையில் 20-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட தீ பரவியது அப்படிக் காய்ந்த புல்லில்தான். சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடுகொடுக்காது.

மழை விட்ட கையோடு போனால் அட்டை கடிக்கும், பாறை வழுக்கும், மூட்டம் காட்சியை மறைக்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அட்டைக்கு நீளக் காலுறையும் ஒரு பொட்டலம் உப்பும் போதும். வழுக்கலுக்குப் பிடிப்புள்ள ஷூ. மூட்டம் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் ஏறும், விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். தீக்கு இப்படிக் கைவைத்தியம் கிடையாது. எந்த மாதமானாலும் வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் ஏறாதீர்கள்.