கல்லடைப்பும் மூத்திரப்பை ரண சிகிச்சையும்

வெள்ளாட்டுக் கடாக்களுக்கும் காளைக்கன்றுகளுக்கும், விசேஷமாக இளம்பிராயத்தில் காயடிக்கப்பட்டவைகளுக்கு, கல்லடைப்பு உண்டாவது சகஜம். பெட்டைகளின் மூத்திரத் தாரை நீளம் குறைந்தும் அகலம் மிகுந்தும் இருப்பதால் சிறு கற்கள் தாமே வெளிப்பட்டுவிடும். ஆணுக்கோ அது நீண்டு குறுகி, இடையில் இருமுறை மடிந்து செல்கிறது. கடாவுக்கு அதன் நுனியில் புழுப் போன்ற மெல்லிய தொங்கலும் உண்டு. கற்கள் அம்மடிப்பிலோ தொங்கலிலோ சிக்கிக்கொள்கின்றன.

நோயுற்ற பிராணி முதுகை வளைத்து முக்கும், வாலை ஆட்டும், வயிற்றை உதைக்கும், தீனி தின்னாது. மூத்திரம் சொட்டுச் சொட்டாக விழும், அல்லது அடியோடு நின்றுவிடும். இதை மலச்சிக்கல் என்றெண்ணிப் பேதி மருந்து புகட்டுவோர் அநேகர். நீர் பெருகினால் கல் அடித்துக்கொண்டு போகுமென்று வாயில் தண்ணீரை ஊற்றுவதும் தவறே. அடைபட்ட பை அதனால் மேலும் பூரிக்கும்.

ஓரிரு நாட்களில் பிராணி திடீரெனச் சாந்தமடைந்து நிற்பதும் உண்டு. குணமாகிவிட்டதென்று குடியானவர் மகிழ்வர். உண்மையில் அப்பொழுதுதான் மூத்திரப்பை வெடித்திருக்கும். வலி நின்றதற்குக் காரணம் அதுவே. பிறகு வயிறு இருபுறமும் பருத்து, உள்ளே தேங்கிய மூத்திரத்தின் விஷம் இரத்தத்தில் ஏறி, சில நாட்களில் பிராணி மடியும். ஆகையால், மூத்திரம் இறங்காமல் வலி மாத்திரம் நின்றதாயின் அன்றே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும்.

தொங்கலில் மட்டும் கல் இருந்தால் வைத்தியர் அதைக் கத்தரித்துவிடுவார். கடாவுக்கு நுனி வழியே குழாய் செலுத்தினால், வழியிலுள்ள சிறு பை போன்ற மடிப்பில் அது தடைபடும்; மூத்திரப்பையை எட்டாது. ஆசனத்தின் கீழ்த் தாரையைத் திறந்துவிடும் பழைய முறையில் துவாரம் நாளடைவில் சுருங்கி மீண்டும் அடைபடுவதுண்டு. இக்காலத்தில் உசிதமான முறை வேறு. அடிவயிற்றை மரக்கச்செய்து சிறிது கீறி, நுனியில் பலூன் அமைந்த ரப்பர் குழாயொன்றை மூத்திரப்பையில் பொருத்தி, மறுமுனையை வயிற்றுத்தோல் வழியாக வெளியே எடுத்துத் தைத்துவிடுகிறார்கள். மூத்திரம் அதன் வழியே வடிய, தாரையின் வீக்கம் தணிகிறது. வைத்தியர் அளவிட்டுத் தரும் அம்மோனியம் குளோரைடு உப்பு, பாஸ்பேட் கற்களைக் கரைக்க உதவுகிறது. பை வெடித்திருப்பினும், கிழிசல் சிறிதாகவும் காலதாமதமின்றியும் இருந்தால் பிழைப்பதற்கு இடமுண்டு.

சில நாட்கள் கழித்துக் குழாயை அடைத்துப் பார்ப்பார்கள். இயற்கை வழியில் தாராளமாக மூத்திரம் இறங்கினால், சாதாரணமாக இரண்டு வாரங்களுக்குள் அதை எடுத்துவிடலாம். அதுவரை வீட்டார் குழாயை இழுக்கலாகாது. பிராணியைத் தனியே கட்டி, தையலில் ஈ மொய்க்காமல் காக்கவேண்டும். ஒவ்வொரு வேளையும் சொட்டு விழுகிறதா என்று பார்க்கவேண்டும். நின்றிருந்தால் உடனே வைத்தியருக்குத் தெரிவிக்கவேண்டும்.

கொழுக்கவைக்கும் ஆசையால் தவிட்டையும் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கையும் மிஞ்சிக் கொடுப்பதே இவ்வியாதிக்குப் பெருங்காரணம். அவற்றில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்துக் குறைவு. தீனியில் சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸைப் போல் இருமடங்கு இருக்கவேண்டும். தவிட்டைக் குறைத்துப் பசுந்தழை கொடுப்பதும், தீனியில் சிறிது உப்புச் சேர்த்துச் சுத்தமான தண்ணீரை எந்நேரமும் வைப்பதும், காயடிப்பதைச் சில மாதங்கள் தள்ளிப்போடுவதும் செலவில்லாத காரியங்கள்.