மின்விசிறிக்கு எவ்வளவு செலவாகிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கோடை வந்துவிட்டால் கரண்ட் பில்லைப் பற்றிய கவலையும் கூடவே வந்துவிடுகிறது. "ஃபேனை அணைங்க" என்ற அதட்டல் பெரும்பாலும் வீட்டிலிருக்கும் பெரியவர்கள் மீதும் பிள்ளைகள் மீதும்தான் விழுகிறது. ஆனால் ஒரு ஃபேன் உண்மையில் எவ்வளவு செலவு வைக்கிறது என்று நம்மில் பலர் கணக்குப் பார்த்ததில்லை. ஒரு தாளும் பேனாவும் இருந்தால் போதும்.

முதலில் வாட். சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுமார் 75 வாட் எடுக்கும். சரியான அளவு ஃபேனின் மீதோ அட்டைப் பெட்டியிலோ இருக்கும்.

அடுத்து நேரம். 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 75 வாட் ஃபேன் நாளுக்கு 10 மணி நேரம் ஓடினால் 750. அதை 1000ஆல் வகுத்தால் முக்கால் யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பதால் 60 நாளால் பெருக்குவோம்: 45 யூனிட்.

மூன்றாவது விலை. இங்குதான் பலருக்குக் கணக்கு தவறுகிறது. மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்துச் சராசரி எடுக்கக் கூடாது. 2016ல் தொடங்கிய 100 யூனிட் இலவசச் சலுகையும் அதில் கலந்திருப்பதால் விலை குறைவாகத் தெரியும். யூனிட் கூடக் கூட விலை ஏறும் அடுக்கு முறையில், நாம் மிச்சப்படுத்தும் யூனிட் மேல் அடுக்கிலிருந்தே கழிகிறது. எனவே நம் பயன்பாடு எந்த அடுக்கில் முடிகிறதோ, அந்த விலையால் பெருக்க வேண்டும். வாடகை வீட்டில் தனி மீட்டர் வைத்து, வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினால், அந்த விலையே நமக்குக் கணக்கு.

யூனிட் 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 45 யூனிட்டுக்கு 225 ரூபாய். நாளுக்கு நான்கு ரூபாய்கூட ஆகவில்லை! லுஹருக்குப் பின் சற்றுக் கண்ணயரும் முதியவரின் ஃபேனை இதற்காக அணைப்பது சரியான சிக்கனமல்ல. வெயிலின் புழுக்கம் முதியோரையும் கைக்குழந்தைகளையும்தான் அதிகம் வாட்டும்.

அப்படியானால் எங்கே மிச்சம் பிடிப்பது? ஆளில்லாத அறையில். ஃபேன் அறையைக் குளிரவைப்பதில்லை. நம் உடலின் வியர்வையை உலர்த்தி இதம் தருகிறது. ஆள் வெளியேறிய பின் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் வீண்தான். சூடாகும் பழைய பெட்டி ரெகுலேட்டரில் வேகத்தைக் குறைத்தால் மின்சாரத்தில் ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடும். எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் மிச்சம் அதிகம்.

புதிய பிஎல்டிசி ஃபேன் சுமார் 30 வாட்தான் எடுக்கும். நாளுக்கு 10 மணி நேரக் கணக்கில் இரண்டு மாதத்தில் 27 யூனிட் குறையும். அதே 5 ரூபாய் விலையில் ஆண்டு முழுக்க ஓடினால் 810 ரூபாய் மிச்சம். ஃபேனின் விலை 3,000 ரூபாய் என்றால், போட்ட பணம் திரும்ப நான்கு ஆண்டுக்குச் சற்றுக் குறைவாகும். நாளுக்கு 20 மணி நேரம் ஓடும் இடத்தில் இரண்டு ஆண்டுக்குள் திரும்பிவிடும். ஆகவே அதிக நேரம் ஓடும் ஃபேனை முதலில் மாற்றலாம். நன்றாக ஓடும் ஃபேனைக் கழற்றிவிட்டுக் கடன் வாங்கிப் புதியது மாட்ட வேண்டிய அவசரம் இல்லை.

இந்த வாரமே வீட்டிலுள்ள ஃபேன்களைப் பட்டியலிட்டு, வாட்டையும் நேரத்தையும் எழுதிப் பெருக்கிப் பார்ப்போம். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளிடமே இந்தக் கணக்கைக் கொடுக்கலாம். சுவிட்சை அணைக்க நாம் சொல்லும் முன்பே அவர்கள் கை போகும்.